ஆங்கிலம் கற்பித்தலும் ஆங்கிலத்தில் கற்பித்தலும்

எத்தியோப்பியாவின் தென்பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், 2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில விரிவுரையாளராகப் பணியேற்றேன். நியமன ஆணையில் ஆண்டு 2011 என்று இருந்தது. அந்நாட்டு நாட்காட்டி 13 மாதங்கள் கொண்டது என்பதையும், நம்முடையதற்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால் நடப்பது என்பதையும் முன்பே படித்திருந்ததால் அது வியப்பளிக்கவில்லை. கடிகாரத்தைப் பற்றித்தான் படிக்கத் தவறிவிட்டேன். முதல் வகுப்பு 2 மணிக்கு என்றது கால அட்டவணை. மதிய உணவை முடித்துக்கொண்டு 2 மணிக்குச் சென்றபோது அறை பூட்டிக் கிடந்தது. எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம்முடைய காலை 7 மணி அங்கே 1 மணி. 8 மணி அங்கே 2 மணி. 58 மாணவர்கள் காலையிலேயே வந்து, ஒரு பாடவேளை முழுவதும் காத்திருந்துவிட்டுக் கலைந்து சென்றிருந்தனர்.

மறுநாள் காலையில் அவர்களைச் சந்தித்தேன். பொறியியல் முதலாண்டு வகுப்பு. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயருக்குப் பின்னாலும் தந்தையின் பெயர், அதற்குப் பின் பாட்டனாரின் பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லை. தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் தமிழனுக்கு அதில் குழப்பம் ஏதும் இல்லை. பாடத்தைத் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த சிலர் திடுக்கிட்டவர்கள்போல் மூச்சைச் 'சட்'டென்று உள்ளிழுத்தனர். ஏதோ தவறாகப் பேசிவிட்டேனோ என்று இரண்டு முறை நிறுத்தினேன். 'ஆம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதை அங்குள்ளோர் அப்படித்தான் தெரிவிப்பார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் பின்னர் விளக்கினார். வகுப்பின் இறுதியில், "புரிந்ததா?" என்று கேட்டேன். "யெஸ், டீச்சர்" என்று 58 குரல்களும் ஒன்றாக ஒலித்தன. "ஏதேனும் கேள்வி உண்டா?" என்றபோது ஒரு குரலும் எழவில்லை.

அந்த வாரமே ஓர் எளிய பயிற்சி கொடுத்தேன். சொந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகம்வரை வந்த பயணத்தை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். திரும்பி வந்த தாள்களில் 11-இல் பெயரும் அடையாள எண்ணும் மட்டுமே இருந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் கரும்பலகையில் நான் எழுதிய கேள்வியையே இரண்டு மூன்று முறை படியெடுத்திருந்தனர். சிலர் கல்வியின் பயன்கள் குறித்து எப்போதோ மனப்பாடம் செய்த கட்டுரையைப் பிழையின்றி எழுதியிருந்தனர். பயணத்தைச் சொல்ல முயன்றவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். இவர்கள் அனைவரும் தேசிய அளவிலான தேர்வைக் கடந்து வந்தவர்கள்.

அடிப்படை இலக்கணமே தெரியாதவர்கள் என்று அன்றிரவு முடிவுகட்டினேன். அடுத்த இரண்டு வாரங்களுக்குக் காலங்கள், வினைவடிவங்கள், முன்னிடைச்சொற்கள் என்று இலக்கணப் பயிற்சி அளித்தேன். கோடிட்ட இடங்களைப் பெரும்பாலோர் சரியாகவே நிரப்பினார்கள். இலக்கணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் தமக்கென்று ஒன்றைச் சொல்லும் தேவைதான் அதுவரை அவர்களுக்கு வாய்த்ததில்லை. நான் கண்டறிந்த நோயும் தவறு. கொடுத்த மருந்தும் தவறு.

அதிர்ச்சி தந்த முடிவுகள்

அந்த வகுப்பறையை இப்போது நினைவுகூரக் காரணம், அந்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஒரு செய்தி. 2022-இல் நடந்த 12-ஆம் வகுப்புத் தேசியத் தேர்வின் முடிவுகளை, 2023 ஜனவரியில் கல்வி அமைச்சர் பெர்ஹானு நெகா வெளியிட்டார். தேர்வெழுதிய ஏறத்தாழ 9 லட்சம் பேரில், பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான 50 சதவீத மதிப்பெண்ணைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 30,000 பேர் மட்டுமே. அதாவது, 3.3 சதவீதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு இது 3.2 சதவீதமாகக் குறைந்தது. 2024-இல் 5.4 சதவீதம், 2025-இல் 8 சதவீதத்தைச் சற்றே கடந்தது. உயர்ந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், நூறு பேரில் தொண்ணூறு பேருக்கும் மேல் தோற்கும் தேர்வு, மாணவர்களைப் பற்றிச் சொல்வதைவிட அதை நடத்தும் அமைப்பைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வினாத்தாள் கசிவையும் கூட்டாக விடையெழுதுவதையும் தடுக்க, 2022 முதல் தேர்வு மையங்கள் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழக வளாகங்களுக்கு மாற்றப்பட்டன. அதனால் மறைந்திருந்த உண்மை நிலை வெளிப்பட்டது என்கிறது அரசு. 2020 நவம்பர் முதல் ஈராண்டுகள் நீடித்த திக்ராய் போரும், அதன்பின் அம்ஹாரா மாநிலத்தில் மூண்ட மோதலும் எண்ணற்ற பள்ளிகளை மூடவைத்தன. கொரோனா பெருந்தொற்று, பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பற்றாக்குறை, பாடநூல் தட்டுப்பாடு என்று பட்டியல் நீள்கிறது. இவை அனைத்தும் உண்மை. ஆயினும், இந்தப் பட்டியலின் அடியில் மெல்லிய குரலில் சொல்லப்படும் இன்னொரு காரணம் உண்டு. அந்தத் தேர்வின் மொழி ஆங்கிலம். தேர்வெழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலத்தைக் காதால் கேட்டிராதவர்கள்.

எட்டாம் வகுப்பு வரை ஒரு மொழி

எத்தியோப்பியாவை ஐரோப்பிய வல்லரசு எதுவும் நெடுங்காலம் ஆண்டதில்லை. ஐந்தாண்டு கால இத்தாலிய ஆக்கிரமிப்பு 1941-இல் முடிவுக்கு வந்தது. ஆங்கிலம் அங்கே ஆட்சியாளர்களின் மொழியாக நுழையவில்லை. பேரரசர் ஹைலே செலாசி நவீனக் கல்விக்காக விரும்பி அழைத்த மொழியாகவே நுழைந்தது. அதைக் கற்பிக்க வெளிநாட்டு ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அவர்களில் இந்தியர்கள் ஏராளம், குறிப்பாக, கேரளத்தவர்கள். 1962 முதல் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களும் வந்தனர். என் தலைமுடியின் நரையைக் கண்ட முதியவர்கள் சிலர், தம்முடைய கணித ஆசிரியர் இந்தியர் என்று தெருவில் நிறுத்திச் சொன்னதுண்டு. அந்த மரியாதையின் வட்டியில்தான் என்னைப் போன்றவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறோம்.

1994-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அதுவரை தொடக்கக் கல்வியின் மொழியாக அம்ஹாரிக் மட்டுமே கோலோச்சியது. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாட்டில், அஃபான் ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி, சிடாமா போன்ற மொழிகளில் 8-ஆம் வகுப்பு வரை படிக்கலாம் என்று அக்கொள்கை வழி திறந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இவ்வளவு துணிச்சலான தாய்மொழிக் கல்வித் திட்டம் அரிது. ஆனால், 9-ஆம் வகுப்பில் அனைத்துப் பாடங்களும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். சில மாநிலங்களில் 7-ஆம் வகுப்பிலேயே மாற்றம் தொடங்கிவிடும். ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கற்பிக்கும் ஆசிரியருக்கே அது தடுமாற்றமான மொழி என்பதுதான் சிக்கல்.

அந்தத் தடுமாற்றத்தை இயந்திரத்தால் தீர்க்கவும் முயன்றார்கள். 2004 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பிளாஸ்மா தொலைக்காட்சிகள் பொருத்தப்பட்டு, தென்னாப்பிரிக்காவில் தயாரான ஆங்கிலப் பாடங்கள் செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பாயின. திரையில் பாடம் ஓடும்; வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்கள் மட்டும். புரியாத மாணவன் திரையை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. என் வகுப்பில் 'யெஸ், டீச்சர்' என்று கூறிவிட்டு அமைதியாக இருந்தவர்கள், கேள்வி கேட்க முடியாத திரைக்கு முன்னும் தடுமாறும் ஆசிரியருக்கு முன்னும் நான்கு ஆண்டுகள் அமர்ந்துவிட்டு வந்தவர்கள். அந்த அமைதி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்று.

இதற்கிடையே உயர்கல்வி வேகமாக விரிந்தது. 1990-களின் இறுதியில் இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்த நாட்டில், இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கும் மேல். கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர்கள் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தமிழகம், ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களிலிருந்து, முனைவர் பட்டம் பெற்றும் உள்ளூரில் உரிய ஊதியம் கிடைக்காத விரிவுரையாளர்கள் அங்கே சென்றனர். நானும் அப்படிச் சென்றவனே. மொழிக் கொள்கை பற்றியோ, மாணவர்களின் பின்னணி பற்றியோ ஒரு நாள் அறிமுகப் பயிற்சியும் எவருக்கும் அளிக்கப்படவில்லை. ஒப்பந்தம், விமானச் சீட்டு, கால அட்டவணை. அவ்வளவுதான்.

தெரியும், சொல்ல வராது

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை. விடுதிக்கு அருகே மரத்தடியில் என் மாணவர்கள் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் மற்றவருக்கு இயந்திரவியல் பாடத்தில் ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார். ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது; அது வழுக்காமல் இருக்க உராய்வு எவ்வளவு வேண்டும் என்ற பழைய கணக்கு. நோட்டில் படம் வரைந்து, கையைச் சாய்த்துக் காட்டி, அம்ஹாரிக் மொழியில் தங்குதடையின்றிப் பேசினார். வெற்றுத்தாளைக் கொடுத்த 11 பேரில் அவரும் ஒருவர். "இதை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல முடியுமா?" என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தெரியும், ஆனால் சொல்ல வராது என்ற பொருளில் நான்கைந்து சொற்களைச் சேர்த்துச் சொன்னார்.

அந்தச் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் காலடி வைத்த முதல் மாதத்தில், நானும் அதையே சொல்லியிருக்கிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவன் என்ற நினைப்புடன் வந்தவன், ஒரே வாரத்தில் கடைசி இருக்கைக்கு நகர்ந்தேன். அதையெல்லாம் மறந்துவிட்டு, நாற்காலி மாறியதும் அதே பிழையான அளவுகோலைக் கையில் எடுத்திருந்தேன்.

அதன்பின் அவர்கள் மொழியைச் சற்றே கவனிக்கத் தொடங்கினேன். எத்தியோப்பிய எழுத்துமுறையில் ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து ஏழு வடிவம் கொள்கிறது. நம் உயிர்மெய் வரிசையைப் போலவே குழந்தைகள் அதைப் பாடிப் படிக்கிறார்கள். அம்ஹாரிக், ஒரோமோ ஆகிய இரண்டிலும் வினைச்சொல், தமிழைப் போலவே, வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆங்கில வாக்கியத்தின் நடுவே வினையைத் தேடி அவர்கள் திணறிய இடங்கள், நான் திணறிய அதே இடங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்குக் கிடைக்காத ஒரு வசதி இது: பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

பயிற்சி முறையை மாற்றினேன். ஒரே மொழி பேசுவோர் நால்வர் ஐவராக அமர்ந்து, எழுத வேண்டியதை முதலில் தம் மொழியில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு, ஒவ்வொருவரும் ஐந்தே ஐந்து வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பல்கலைக்கழக வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி ஒலிக்கலாமா என்று துறையில் ஒருவர் முகம் சுளித்தார். ஆனால், முதன்முறையாக அந்த அறையில் வாக்குவாதம் கேட்டது. அன்று வெற்றுத்தாள் ஒன்றும் வரவில்லை. வந்த வாக்கியங்களில் பிழைகள் மலிந்திருந்தன. ஆயினும், அவை அவர்களுடைய வாக்கியங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. சோமாலி மாநிலத்திலிருந்து வந்த மாணவி ஒருவருக்கு வகுப்பில் மொழித் துணை யாரும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் சேர வேண்டும் என்பதைக் கல்வி அமைச்சகமே ஒதுக்குவதால், பலர் தம் ஊரிலிருந்து வெகுதொலைவில் வந்து படிக்கிறார்கள். அம்ஹாரிக்கும் அவருக்கு ஆங்கிலத்தைப் போலவே அந்நிய மொழி. விடுதித் தோழியரோடு ஆங்கிலத்தில்தான் உரையாடினார்; அதனாலேயே வகுப்பில் நன்றாக எழுதியவர்களுள் ஒருவராக இருந்தார். இனமும் மொழியும் அரசியல் வெடிமருந்தாகிவிட்ட நாட்டில், எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத மொழி என்பதே ஆங்கிலத்தின் வலிமை என்று அவர் எனக்கு உணர்த்தினார். ஆங்கிலத்தை அகற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்போர் இவரைப் போன்றவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வேறு பணிகள்

என் அனுபவம் ஒரு வகுப்பறையின் அனுபவம் மட்டுமே. ஆனால், எத்தியோப்பியக் கல்வி அமைச்சகத்துக்காக 2006-இல் மேற்கொள்ளப்பட்ட விரிவான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. 8-ஆம் வகுப்பு வரை தாய்மொழியில் படித்த மாணவர்கள், இடையிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டவர்களைவிடக் கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்து விளங்கினர் என்று அது பதிவுசெய்தது. அப்படியிருந்தும், 9-ஆம் வகுப்பின் வாசலில் அந்த அடித்தளத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை.

ஆங்கிலம் கற்பிப்பது ஒரு பணி. ஆங்கிலத்தில் கற்பிப்பது வேறொரு பணி. முதலாவதைச் சரியாகச் செய்யாமல் இரண்டாவதைத் தொடங்கினால் இரண்டுமே கெடும் என்பதற்கு எத்தியோப்பியா மட்டும் சான்றல்ல. தான்சானியாவில் சுவாஹிலியில் தொடக்கக் கல்வி முடிக்கும் குழந்தைகள், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்குள் தள்ளப்படுகிறார்கள். ருவாண்டா 2008-இல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ ஒரே தாவலில் மாறியது. ஆசிரியர்கள் தாங்கள் கற்றுக்கொண்டே கற்பிக்க வேண்டியதாயிற்று. தமிழக அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பயிற்றுமொழியை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம்; அம்மொழியில் சிந்திக்கும் திறனை அரசாணையால் வழங்க முடியாது.

பெற்றோரும் மாணவர்களும் ஆங்கிலத்தை விரும்புகிறார்களே என்ற எதிர்வாதம் வலுவானது. என் மாணவர்களிடம் கேட்டிருந்தால், 58 பேரும் ஆங்கிலமே வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேலையும் வெளியுலகமும் அந்த மொழிக்குப் பின்னால்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த விருப்பத்தை அரசுகள் தவறாக மொழிபெயர்க்கின்றன. அவர்கள் கேட்பது ஆங்கிலத்தில் தேர்ச்சி. கிடைப்பதோ, புரியாத மொழியில் இயற்பியல். மொழியும் வந்துசேராமல், பாடமும் வந்துசேராமல் போகும்போது பழி மாணவன் தலையில் விழுகிறது.

அங்கே மாற்றத்துக்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. தேசியத் தேர்வில் தேறாதவர்களில் ஒரு பகுதியினரைப் பல்கலைக்கழகங்களில் சேர்த்து மீள்பயிற்சி அளிக்கும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2023 முதல், பட்டப் படிப்பை முடிப்போருக்கு நிறைவுத் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால், இவை வாசலிலும் வெளியேறும் வழியிலும் சல்லடை வைக்கும் ஏற்பாடுகள். நடுவில் என்ன நடக்கிறது என்பதே முதன்மையான கேள்வி.

செய்யக்கூடியவை கைக்கெட்டாதவை அல்ல. 9-ஆம் வகுப்பில் எல்லாப் பாடங்களையும் ஒருசேர மாற்றாமல், ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடங்களாக மாற்றலாம். அறிவியல், கணிதத் தேர்வுகளில் வினாக்களையும் கலைச்சொற்களையும் இரு மொழிகளில் அச்சிடலாம். அறிவியல் விடைத்தாளில் மொழிப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதைக் கைவிடலாம். மாணவர்கள் தம் மொழியில் பேசிப் புரிந்துகொண்டு, பின் ஆங்கிலத்தில் எழுதுவதை ஒழுங்கீனமாகக் கருதாமல், கற்பித்தல் முறையாகவே ஆசிரியர் பயிற்சியில் சேர்க்கலாம். வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கும் பல்கலைக்கழகங்கள், முதல் வகுப்புக்கு முன் ஒரு வாரமாவது அந்நாட்டின் பள்ளிகளையும் மொழிகளையும் அறிமுகப்படுத்த வேண்டும். அவ்வளவு எளிய ஒன்று நடந்திருந்தால், என் மாணவர்கள் இரண்டு வாரங்கள் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பருவத்தின் இறுதியில், முதல் வாரத்தின் பயிற்சியையே மீண்டும் கொடுத்தேன். ஏணிக் கணக்கை விளக்கிய மாணவர் முக்கால் பக்கம் எழுதியிருந்தார். பேருந்துக்குப் பணம் தர அவருடைய தாய் ஓர் ஆட்டை விற்றாராம். இரண்டு நாள் பயணம். பல்கலைக்கழக வாயிலில் பாதுகாவலர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, புரியாமல் 'யெஸ்' என்று சொல்லி உள்ளே வந்தாராம். ஒன்பது பிழைகள் இருந்தன, எண்ணினேன். வாயிலில் சொன்ன அந்த 'யெஸ்'ஸைத்தான் எங்கள் முதல் வகுப்பிலும் அவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த தேர்வு முடிவு வெளியாகும்போது, எத்தனை சதவீதம் தேறினார்கள் என்ற எண்ணிக்கை மீண்டும் தலைப்புச் செய்தியாகும். தேறாதவர்களில் எத்தனை பேருக்கு விடை தெரிந்திருந்தும் சொல்ல வராமல் போனது என்பதைக் கண்டறிய எந்த நாட்டிலும் தேர்வு இல்லை. அதைக் கண்டறியும் பொறுப்பு, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும், அவரை அங்கே நிறுத்திய அரசுக்கும் உரியது.